பாம்பு மரம்

எமர்சன் டெனன்ட் இலங்கையைப் பற்றி எழுதி 1859 இல் லண்டனில் வெளியிட்ட நூலில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. பேராதனைப் பூந்தோட்டத்து இந்திய இரப்பர் மரம் அது. வேர்கள் மண்ணைவிட்டு எழும்பி, ஒன்றின்மேல் ஒன்று புரண்டு, வளைந்து நெளிந்து ஓடுகின்றன. ஊர்மக்கள் அதைப் பாம்பு மரம் என்றார்கள். படத்துக்கும் அதே பெயர். பல்கலைக்கழக நூலகத்தில் அந்தப் பக்கத்தை விரித்த நாளில் எனக்கு அது புதிய காட்சியாகத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட வேர்களின் இடுக்கில் ஒளிந்து விளையாடி வளர்ந்தவன் நான்.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்றால் பேராதனைதான். லயத்துப் பெண்கள் விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, வாழையிலையில் கட்டித் தருவார்கள். லொறி மலையிறங்கி மகாவலிப் பாலத்தை நெருங்கும்போதே பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவோம். அதே இடத்தில் இருந்த பழைய பாலத்தையும் அந்தக் காலத்துப் படங்களில் பார்க்கலாம். முதிரை மரத்தால், ஆற்றின் நடுவே தூணில்லாமல், ஒரே வளைவாக 205 அடிக்குக் கட்டியது. அதன் அழகுக்கு முன் இப்போதைய பாலம் நிற்காது என்பதே என் எண்ணம்.

உள்ளே போனால் எங்களுக்கு மலர்கள் முக்கியமில்லை. பகலிலும் கிளைகளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சண்டையிடும் ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள், ஆளுக்கு ஆள் ஆட்டிப் பயமுறுத்தும் தொங்குபாலம், தரையில் விழுந்துகிடக்கும் முரட்டு நாகலிங்கக் காய்கள். தாளிப்பனையைக் காட்டி ஆசிரியர் சொன்னது மட்டும் நெஞ்சில் தைத்தது: பல்லாண்டு வளர்ந்து ஒரே ஒருமுறை பூத்து, காய்த்து, அத்தோடு செத்துப்போகும் மரம். அன்று வீடு திரும்பும்வரை நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்டி நாயக்க மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் இந்தப் பூந்தோட்டம் அரச தோட்டம். 1815 இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. 1821 இல் அலெக்சாண்டர் மூன் அங்கே தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே செடிகளை வரைந்தவர்களில் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்ற சிங்களக் கலைஞர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். அவர் கண்முன் இருந்த இலையை வரைந்தார். லண்டன் நூல்களில் வந்த செதுக்குப் படங்கள் வேறு வகை. இங்கே ஒருவர் தீட்டிக் கொடுத்ததை அங்கே இன்னொருவர் கட்டையில் செதுக்குவார். அவர் பெரும்பாலும் அந்த மரத்தைக் கண்ணால் கண்டிராதவர். அப்படியும் அந்த வேர்களில் எத்தனை உயிர்!

அத்தகைய படங்களில் மரத்தின் உயரம் விளங்குவதற்காக அடியில் ஒரு சின்ன மனிதனை நிறுத்துவது வழக்கம். வயது கூடக் கூட என் கண் மரத்தைவிட்டு அந்த மனிதனிடமே போனது. அவன் யார்? குழி வெட்டியவனா, நாற்றுக்குத் தண்ணீர் சுமந்தவனா? எழுதிவைப்பாரில்லை.

"கோப்பிக் காலத்துல நடந்து வந்தவங்கய்யா நம்ம ஆளுங்க" என்பாள் அம்மாயி. அந்தக் கோப்பிக் காலத்தின் தொடக்கங்களில் ஒன்று பூந்தோட்டத்துக்கு எதிர்க்கரையில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கோப்பி போட்டார். அதன்பின் மலையெல்லாம் கோப்பி, தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்த கூட்டங்கள், வழியிலேயே விழுந்தவர்கள். 1869 இல் இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாக ஒரு பூஞ்சை தோன்றியது. பூந்தோட்டத்தின் தலைவர் துவெயிட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்ற அறிஞர் அதற்குப் பெயர் வைத்தார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது.

மலை வெறுமையாகிவிடவில்லை. தேயிலைச் செடி 1824 இலேயே சீனாவிலிருந்து பேராதனைக்கு வந்து காத்திருந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதைப் பயிராக்கிக் காட்டியிருந்தார். என் அம்மாவின் கூடையில் விழுந்த கொழுந்தின் வரலாற்றில் இந்தப் பூந்தோட்டத்துக்கும் பங்குண்டு என்று சிறுவயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த வேர்களை நான் இன்னும் நெருக்கமாகத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

மலையகத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைப் பேராதனைக்கு அழைத்துப் போகும்போது வௌவாலையும் தொங்குபாலத்தையும் தாராளமாகக் காட்டுங்கள். பிறகு ஆற்றங்கரையில் உட்காரவைத்து, எதிரே தெரியும் கன்னொறுவையைக் காட்டி, கோப்பியின் கதையையும் அதற்காக நடந்து வந்தவர்களின் கதையையும் சொல்லுங்கள்.