இடனறிந்து வைத்தல்

வள்ளுவர் இடனறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அது வேந்தர்க்கும் போர்க்களத்திற்கும் மட்டும் உரியதன்று. ஒரு வீட்டுத் தாளிப்பு மணம் நான்கு வீடுகளுக்குப் பரவும் நம் டிராம்பேக் குடியிருப்புகளில், கிதாருக்கு உரிய ஆம்பிளிஃபையரை எங்கே வைப்பது என்னும் சிறு கேள்விக்கும் அது பொருந்தும்.

நம் மூத்த மகன் பழைய வால்வு ஆம்பிளிஃபையர் ஒன்றை வாங்கி வந்தான். டிரான்சிஸ்டர் பிறந்து பல்லாண்டுகள் கழிந்தும் கிதார்க் கலைஞர் பலர் வால்வைக் கைவிடவில்லை. ஓசையைக் கூட்டும்போது அதன் ஒலி சட்டென்று சிதறாமல் மெல்லக் குழைகிறது. அக்குழைவே அவர்களுக்கு இனிமை. வால்வு வானொலியின் முன் அமர்ந்து இலங்கை ஒலிபரப்பைக் கேட்ட நம் பெற்றோர்க்கு அந்தச் செவ்வொளியும் வெதுவெதுப்பும் பழகியவையே.

மகன் அதனை அறை மூலையில், சுவரை ஒட்டித் தரையில் வைத்தான். இரு சுவர்களும் தரையும் கூடும் மூலை, கீழ் ஓசைகளை மிகுதிப்படுத்தும். முழக்கம் பெருகிற்று, ஸ்வரம் தெளியவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் கூரிய ஒலிகளோ பக்கங்களில் அதிகம் விரியாமல் நேரே செல்பவை. அவை நின்று வாசிப்பவனின் முழங்காலைத் தாக்கினவேயன்றிச் செவியை எட்டவில்லை. அவன் ஓசையை மேலும் கூட்டினான். கீழ்வீட்டு மராத்திய ஆஜியின் உறக்கம் போயிற்று.

இப்போது அது அசையாத மர முக்காலியின்மேல், ஸ்பீக்கர் சற்றே மேல்நோக்க, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது. முக்காலியின் கால்களுக்கு அடியில் ரப்பர்த் துண்டுகள். அதிர்வு தரைக்கு இறங்குவது குறைந்தது. செவிக்கு நேரே ஒலி வருவதால் குறைந்த ஓசையே போதுமானதாயிற்று. ஆஜியும் உறங்குகிறார்.

வியப்பு யாதெனில், இனிமைக்காகத் தேடிய இடமே காவலுக்கும் உகந்த இடமாய் அமைந்தது. பின்புறம் விட்ட இடைவெளியில் வால்வின் வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது. முக்காலியின் உயரம் மழைக்காலத்து ஈரத் தரையிலிருந்து அதனைக் காக்கிறது. திரைச்சீலை அருகில் இல்லை. காப்பித் தம்ளரை அதன்மேல் வைக்க எவர்க்கும் அனுமதியில்லை. ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றிவிட்டு இயக்கினால் உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் கெடக்கூடும். அணைத்தபின் வால்வுகள் ஆறும்வரை நகர்த்தலாகாது. உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கக்கூடும். ஆதலால் திறந்து பார்ப்பது தொழில் அறிந்தவர்க்கே உரியது.

எல்லாவற்றினும் முதன்மையானது எர்த்து இணைப்பு. 1972ஆம் ஆண்டு மே மாதம், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்னும் கிதார்க் கலைஞர், முறையான எர்த்து இல்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிர் நீத்தார். ஆம்பிளிஃபையரோடு இணைந்த கிதாரின் தந்திகளில் விரல் இருக்கையில், மறுகை தொடும் பொருளும் பழுதற்றதாய் இருத்தல் வேண்டும். நம் சங்க விழாப் பந்தல்களில் அவசரமாக மின்கம்பி இழுப்போர் இதனை மனத்திற் கொள்வாராக.

பிழைப்பு நாடி வந்து, அயலாரோடு சுவரைப் பகிர்ந்து வாழ்பவர்கள் நாம். பிள்ளைகளின் இசை நமக்குப் புதிதாய் இருக்கலாம். “நிறுத்து” என்று அதட்டுவதற்கு முன், “எங்கே வைத்திருக்கிறாய், காட்டு” என்று அருகில் சென்று அமர்வோம். அயலார் உறக்கமும் பிள்ளையின் உயிரும் இசையும் ஒருங்கே காக்கப்படும்.