யாருக்கு வீடு?
கும்பளங்கியில் வாடகைக்கு வீடு தேடினேன். முன்பணம் பற்றிப் பேசுமுன்பே தரகர் விசாரித்தது என் மதத்தை. 2003இல் மாதிரிச் சுற்றுலா கிராமமாகி, முன்பின் தெரியாத வெளிநாட்டவருக்கும் வீட்டு அறையை வாடகைக்கு விடும் ஊரில் இந்தக் கேள்வி! பக்கத்து மட்டாஞ்சேரியில் இப்படியே கேட்டிருந்தால் யூதத் தெரு பூட்டிக் கிடந்திருக்கும். யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின், அங்கே கடை விரித்தவர்களில் காஷ்மீர் முஸ்லிம்களும் உண்டு. வாடகையும் தரகுக் கூலியும் அதனால்தான் ஓடுகின்றன.

சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. ஆமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதி சங்கத்தில் ஓர் உறுப்பினர், தன் பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டி விற்க விரும்பினார். பார்சி அல்லாதோருக்குக் கூடாது என்றது சங்கம். அந்த விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு அவருடையது, வாங்குபவரைப் பொறுக்குவது சங்கம். நல்ல வியாபாரம்தான்!