புகை வாடை என்று எழுதினால்

குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையைத் தரகு நிறுவனத்து டேஸ்டர் குடித்துப் பார்த்த பிறகுதான் விலை மதிப்பிடுகிறார்கள். நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் கணக்கு இது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊற வேண்டும். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று சொல்ல இந்தக் கறார் இல்லாமல் முடியாது.

டேஸ்டர் முதலில் ஊறிய இலையை மூடியில் கொட்டி, செம்பு நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கரண்டியில் டிகாஷனை எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுவார். காற்றும் சேர்ந்து போவதால் மணம் மூக்கின் உள்ளே ஏறும். நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்ந்துவிடுவார்.

கஷ்டமெல்லாம் அதன்பிறகு எழுதும் இரண்டு மூன்று சொற்களில்தான். ‘நன்றாக இல்லை’ என்று எழுதினால் தொழிற்சாலைக்காரர் என்ன செய்வார்? ‘புகை வாடை’ என்று எழுதினால் டிரையருக்குப் போய், ஹீட்டர் குழாயில் ஓட்டை விழுந்து அடுப்புப் புகை சூடான காற்றோடு கலக்கிறதா என்று பார்ப்பார். ‘மங்கல், சப்பென்று இருக்கிறது’ என்றால் அரைத்த இலையை அளவுக்கு மீறிப் புளிக்க விட்டிருக்கிறார்கள். டிகாஷனுக்குத் துலக்கமும் நாக்கில் சுரீரென்ற பிடிப்பும் தரும் தியாஃபிளேவின் குறைந்துபோயிருக்கிறது. குறை எங்கே பிறந்தது என்று காட்டாத கருத்து அரைக் கருத்துதான்.

தனக்குப் பிடித்ததையும் தரத்தையும் பிரித்து வைப்பது இன்னும் கடினம். வீட்டில் பால் விட்ட கெட்டி டீயே குடித்துப் பழகியவருக்குப் பனிக்காலத்தில் பறித்த நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலை தண்ணியாகத் தோன்றலாம். அதை வாங்குகிறவர்கள் மணத்துக்காக வாங்குகிறார்கள்; அதில் கெட்டித்தனம் தேடுவது அநியாயம். டீக்கடைக்குப் போகும் சிடிசி டஸ்டைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பால் ஊற்றிய பிறகும் நிறமும் திடமும் நிற்கிறதா? அதனால் அதைப் பால் விட்டும் குடித்துப் பார்ப்பதுண்டு. (‘டஸ்ட்’ என்பது தூளின் பருமனைத்தான் குறிக்கும். அதை மட்டம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

இத்தனை கவனம் எதற்கு என்றால், நீலகிரியின் சிறு விவசாயிகள் தொழிற்சாலைக்கு விற்கும் பச்சை இலையின் விலை, தூள் ஏலத்தில் போகும் விலையை ஒட்டியே அமைகிறது. பொத்தாம்பொதுவாக ‘சுமார்’ என்று எழுதிவிட்டுப் போகும் உரிமை யாருக்கும் கிடையாது. சந்தேகம் வந்தால் நல்ல டேஸ்டர் அதே தூளைப் புதிதாக ஊறவைத்து, வரிசையில் இடம் மாற்றி வைத்துக் குடிப்பார். முந்தைய கோப்பை கடுப்பாக இருந்திருந்தால் அடுத்தது உள்ளதைவிட மென்மையாகத் தெரியும்.