பிழையின் திசை

ஒரு லிட்டர் தண்ணீரில் 0.368 கிராம் எத்தனால். பார்வைக்கு வெறும் தண்ணீர். முகர்ந்தாலும் ஏறக்குறையத் தண்ணீர்தான். சிறுசேரியில், சிப்காட் கட்டடங்களுக்குப் பின்னால், ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் இதைத் தயாரிப்பது என் வேலை. இரவில் வண்டியை நிறுத்திப் போலீஸ்காரர் ஊதச் சொல்கிற கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதற்கான கரைசல் இது.

அரை லிட்டரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மனிதனின் வெளிமூச்சு இருக்கும் 34 டிகிரியில் நிறுத்துவார்கள். அதன் வழியே காற்றைக் குமிழியிட்டு அனுப்பினால், ஹென்றியின் விதிப்படி, திட்டமான அளவு ஆல்கஹால் ஆவி காற்றோடு வெளியேறும். 0.368 கிராம் கரைசலிலிருந்து வருவது, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ள ஒருவனின் மூச்சுக்குச் சமம். ரத்தத்துக்கும் மூச்சுக்கும் 2100க்கு 1 என்ற சராசரி விகிதத்தை வைத்துப் போட்ட கணக்கு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இந்த 30ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. 30 குற்றமில்லை, 31 குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

வாடையும் தள்ளாட்டமும் மட்டும் குடித்ததற்கு முடிவான சாட்சி ஆகா என்று 1971இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அந்த வகையில் எண் என்பது பிடிபட்டவனுக்கும் ஒரு பாதுகாப்பு. போலீஸ்காரரின் மூக்கிலிருந்து அவனைக் காப்பாற்றுவது. ஆனால் எண்ணை யார் காப்பாற்றுவது?

எத்தனாலுக்கு இரண்டு குணங்கள். தனியாகத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரையோர ஊரில் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் கரைத்த பிறகு, தண்ணீரை முந்திக்கொண்டு ஆவியாகும். இரண்டிலும் விளைவு ஒன்றே, கரைசல் நீர்த்துப்போகும். நீர்த்ததைக் காட்டி ‘இதுதான் 30’ என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தால், உண்மையான 30ஐ அது கூட்டிப் படிக்கும். ஜாடி ஒரு டிகிரி குளிர்ந்தால் ஆவி ஆறரை சதவீதம் குறையும். அதுவும் இதே பக்கம். நடுநிலையான பிழை என்று ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் இந்த வேலைக்கு வந்தேன். என் அசிரத்தை அநேகமாக எப்போதும் ஊதுகிறவனுக்கு எதிராகவே போகிறது.

போன ஆனியில் ஒரு சாயங்காலம் கரைசலைச் சோதித்து, சான்றிதழில் கையெழுத்தும் போட்டுவிட்டு, பாத்திரத்தின் மூடியை இறுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மேலே மின்விசிறி இரவு முழுக்க ஓடியிருக்கிறது. காலையில் அதிலிருந்தே புட்டிகளை நிரப்பினோம்.

இரண்டு வாரம் கழித்து, வழக்கமான மறுசோதனை. ஆரஞ்சு நிற டைக்ரோமேட் எத்தனாலைத் தின்று பச்சையாகும்; தின்னாமல் மிஞ்சியதைத் தயோசல்ஃபேட்டால் அளப்போம். ஸ்டார்ச்சின் நீலம் மறைந்து வெளிர்பச்சை நின்றபோது, பியூரெட்டில் திரவம் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தது. மூன்று முறை செய்தேன். கரைசல் நாலு சதவீதம் குறைவு.

“நாலு சதவீதந்தானே சார்? மெஷினே அப்படி இப்படித்தான் காட்டும்” என்றான் உடன் வேலை செய்யும் பையன்.

“முப்பது முப்பத்தொண்ணு ஆயிடும் தம்பி.”

அவன் பதில் சொல்லாமல் புட்டிகளை எண்ணப் போனான். ஒன்பதில் ஏழு அலமாரியில் இருந்தன. இரண்டு, கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தன. டெலிபோன் செய்தேன். ஒன்றை இன்னும் திறக்கவில்லை. மற்றது பதினோரு நாட்களாகப் பயன்பாட்டில் இருந்தது. கருவிகளைத் திருப்பி வாங்கி மறுபடி சரிபார்க்கச் சொல்லி எழுத்திலும் கொடுத்தேன். அதற்குமேல் என் கை நீளவில்லை. அந்தப் பதினோரு நாட்களில் இரண்டு சனிக்கிழமை இரவுகள் இருந்தன.

என் புட்டி டைக்ரோமேட்டை நம்புகிறது, டைக்ரோமேட் தராசை, தராசு எடைக்கற்களை, அவை டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கிலோகிராமை. அங்குள்ள 57ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளை, 2019 மே 20 வரை, பாரிஸை அடுத்த ஸெவ்ரில் உள்ள மூல உருளையை நம்பியிருந்தது. அதன் பிறகு கிலோகிராமுக்கு ஆதாரம் எந்த உருளையும் இல்லை, பிளாங்க் மாறிலி என்ற ஒரு எண். இத்தனை நீளச் சங்கிலி, இறுக்காத ஒரு மூடியில் அறுந்துபோனது.

சான்றிதழில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ± போட்டு இன்னொரு சிறிய எண் எழுதுகிறோம். இவ்வளவுவரை நான் தவறியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது அது. நடுரோட்டில் கிடைக்கும் சீட்டில் அது இருக்காது. நம் விமர்சனங்களிலும் நான் பார்த்ததில்லை. ‘தரம்’ என்ற சொல்லை இந்தப் பக்கங்களில் நானும் தாராளமாகப் புழங்கியிருக்கிறேன். சிலருடைய முதல் தொகுப்புகளை நாலு வரியில் தள்ளியும் இருக்கிறேன். அப்போது என் கையிலிருந்த கோல் எப்போது யாரிடம் வாங்கியது, எத்தனை நாள் மூடாமல் கிடந்தது, பிசகினால் யார் மேல் பிசகும் என்று ஒரு வரி எழுதியதில்லை. திருப்பி வாங்கிச் சரிபார்க்கச் சொல்லி யாருக்கும் கடிதம் போட்டதும் இல்லை.

இப்போது நிரப்பி முடித்த பிறகு, கடைசிப் புட்டியையும் சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். போன சனிக்கிழமை கேளம்பாக்கத்தில் என்னை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். நான் குடிப்பதில்லை. இருந்தும் பூஜ்யம் வரும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டது. இதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கு வழிவிட்டு நகர்ந்தேன்.