பச்சைச் சோயாவும் காலாண்டுத் தேர்வும்

சோயா என்றால் மீல்மேக்கர் குழம்பு என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். ஜூன் மாத மருத்துவப் பரிசோதனையில் விடுதி மாணவியர் சிலருக்கு எடை குறைவு என்று தெரிந்ததும், அறிவியல் ஆசிரியையான சிஸ்டர், "பச்சைச் சோயா பயிரிடுவோம்" என்றார். ஜப்பானியர் ‘எடமாமே’ என்று விரும்பி உண்பது இதுதானாம். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது.

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘கருணே’ ரக விதை ஆய்வக அலமாரியில் ஓராண்டாகக் கிடந்தது. (கன்னடத்தில் கருணே என்றால் கருணை. மதருக்கு அந்தப் பெயரே பிடித்துப்போயிற்று.) இரண்டு பாத்தி நிறைய ஊன்றினோம். முளைத்தவை ஏழே ஏழு! அவற்றிலும் நான்கைப் புறாக்கள் கிள்ளிவிட்டன. வெப்பத்தில் வைத்த சோயா விதை விரைவில் முளைப்புத்திறனை இழக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். விடுதித் தோழியர் எங்களுக்கு ‘ஏழு செடிப் பண்ணையார்கள்’ என்று பட்டம் சூட்டினர்.

புதிய விதை வரவழைத்து, ரைசோபியம் கலந்த கஞ்சியில் புரட்டி, நிழலில் உலர்த்தி, ஜூலைத் தொடக்கத்தில் மீண்டும் விதைத்தோம். ஆகஸ்டில் ஒரு செடியைப் பிடுங்கினால், வேரெங்கும் சிறு முடிச்சுகள்! நகத்தால் கீறினோம், உள்ளே இளஞ்சிவப்பு நிறம். காற்றிலுள்ள நைட்ரஜனை அவை செடிக்குத் தருகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். மனப்பாடம் செய்த பாடம் மண்ணோடு எங்கள் உள்ளங்கையில் இருந்தது.

காய் திரண்டும் பச்சை மாறாதிருப்பது பத்து நாட்களுக்குள்தான். பிறகு மஞ்சளாகி முற்றிவிடும். அந்த நாட்கள் சரியாகக் காலாண்டுத் தேர்வில் வந்து விழுந்தன. அடுத்தது கணிதம் வேறு! தயங்கியபடி சிஸ்டரிடம் சென்றோம். "ஒரு மணி நேரம். அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை" என்றார். சுணை கையெல்லாம் அரிக்க அரிக்கப் பறித்தோம்.

அன்று வெள்ளிக்கிழமை, விடுதியில் மீனும் இறைச்சியும் இல்லை. உப்பு நீரில் காய்களைத் தோலோடு வேகவைத்தோம். பச்சையாகத் தின்னலாகாது, புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, வெந்தால் அதன் வேகம் அடங்கும். வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 12 கிராம் புரதம். அரிசியில் குறைவாக உள்ள லைசினும் இதில் தாராளம்.

தோலைப் பல்லால் அழுத்தினால் பருப்பு வாய்க்குள் குதிக்கிறது. பச்சை மொச்சையைவிட இனிப்பு. பட்டம் சூட்டியவர்களே தட்டுடன் முதல் வரிசையில் நின்றனர். முட்டையைக் கண்டாலே முகம் திருப்பும் எங்கள் தோழி, எடை குறைந்தவர் பட்டியலில் முதலாமவள், மூன்று கைப்பிடி தின்றுவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள்.

மூன்று செடிகளை மட்டும் முற்றவிட்டு விதை எடுத்திருக்கிறோம். விதைக்குமுன் ஈரத்துணியில் பத்து விதைகளைக் கட்டி முளைப்புப் பார்க்கும்படி ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் சொல்லிவிட்டோம். புறாக்களுக்கு வலையும் வாங்கியாயிற்று.