மாட வீதியில் ஓர் ஏணி

மயிலாப்பூர், வடக்கு மாட வீதி. மாலை ஐந்து மணி. பாத்திரக் கடை வாசலில் அலுமினிய ஏணி விரிகிறது. அதன் ஒரு கால் கோலத்தின் மேல் விழுகிறது. ஏணியைப் பிடித்திருக்கும் பையன் குனிந்து பார்க்கிறான். காலை நான்கு விரற்கடை தள்ளி வைக்கிறான்.

கோயிலில் பங்குனிப் பெருவிழா. நாளைக் காலை தேர். மறுநாள் அறுபத்து மூவர். நடைபாதையில் சொப்புச் சாமான்கள் இறங்குகின்றன. சவுக்குக் கட்டைத் தடுப்புகள் ஓரமாகப் படுத்திருக்கின்றன.

கடை முகப்பில் இரண்டு கேமராக்கள். உருண்டை டோம் வீதியைப் பார்க்கிறது. நீள புல்லட் பக்கத்துச் சந்தினைப் பார்க்கிறது.

கல்லாவுக்குப் பின்னால் சிறிய திரை. அதில் முந்தின இரவு, மணி இரண்டு. சந்து முழுக்க வெள்ளைப் புகை. நடுவில் ஒரு சிலந்தி நடக்கிறது. திரையில் அது ஆனை அளவு. அதற்குப் பின்னால் ஓர் உருவம் கடந்து போகிறது. ஆணா பெண்ணா, தெரியவில்லை.

“பகல்ல பளிச்சுனு இருக்கு தம்பி. ராத்திரிதான் இப்படி.”

கடைக்காரர் இதை மூன்றாம் தடவை சொல்கிறார். மெக்கானிக் மூன்றாம் தடவையும் தலையாட்டுகிறார்.

புல்லட்டின் லென்ஸைச் சுற்றிக் குட்டிக் குட்டி எல்.இ.டி.கள். இருட்டியதும் அவை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். மனிதக் கண்ணுக்கு அது ஏறக்குறையத் தெரியாது. சந்துச் சுவரில் பட்டுத் திரும்ப வேண்டிய ஒளி, கண்ணாடி மேலிருக்கும் தூசியிலேயே பட்டுத் திரும்புகிறது. ஒரே ஓர் இழை நூலாம்படை போதும். அதுவே வெளுத்து, சந்தை மறைத்துவிடும். பகலில் அந்த இழை இருப்பதே தெரியாது.

மெக்கானிக் மேலே ஏறுகிறார். கேமராக் கூட்டின் இடுக்கிலிருந்து பல்லி ஒன்று பாய்கிறது. கடைக்காரர் கல்லா மேல் விரலால் மூன்று முறை தட்டிக்கொள்கிறார்.

“ப்ளோயர் குடுறா.”

பையன் ரப்பர் குமிழை நீட்டுகிறான். புஸ். புஸ். நூலாம்படை ஆடுகிறது, பிய்ந்து பறக்கிறது. மணல் துகள்கள் உதிர்கின்றன. பிறகு மெல்லிய பிரஷ். கண்ணாடி விளிம்பில், ரப்பர் வளையத்தில், நிழல் மூடிக்கு அடியில். துணி இன்னும் பையிலேயே இருக்கிறது.

கடைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டுகிறார்.

“வேணாம் சார். மண்ணோட தேச்சா கீறல் விழும். கீறல்ல லைட் பட்டா ராத்திரி பூராவும் கூசும்.”

துண்டு தோளுக்குத் திரும்புகிறது.

இப்போது மைக்ரோஃபைபர் துணி. திரவம் துணியில் இரண்டு சொட்டு. கண்ணாடியில் நேராக இல்லை. நடுவிலிருந்து வெளியே, வட்டம் வட்டமாக. விரல் அழுத்தவில்லை. துணியை மடித்து, புதுப் பக்கத்தால் இன்னொரு வட்டம். பழைய பக்கம் சாம்பல் நிறம். அதில் கிழக்கே கடலிலிருந்து வரும் உப்பு இருக்கிறது. போகிப் புகை இருக்கிறது. லஸ் பக்கம் மெட்ரோ தோண்டுகிற மண் இருக்கிறது.

டோமுக்கு வேறு துணி, வெறும் தண்ணீர். அதன் மூடி பாலிகார்பனேட். தின்னர் பட்டால் வெளுத்து, முடிமுடியாக வெடிக்கும்.

பெண் காவலர் ஒருவர் நோட்டுடன் வருகிறார். அண்ணாந்து பார்க்கிறார்.

“ரெண்டும் ஓடுதா?”

“ஓடுது மேடம்.”

நோட்டில் இரண்டு டிக். அடுத்த கடைக்கு நடக்கிறார்.

ஏ.கே.விசுவநாதன் சென்னைக் காவல் ஆணையராக இருந்தபோது வந்த திட்டம் ‘மூன்றாவது கண்’. 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு. பின்னர் சர்ஃப்ஷார்க் நிறுவனம் உலக நகரங்களை வரிசைப்படுத்தியது. சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்கள் என்று சென்னை முதலிடத்தில் நின்றது. அந்தக் கணக்கில் துடைத்த கேமராவும் ஒன்று, துடைக்காததும் ஒன்று.

ஆறரை தாண்டுகிறது. கிழக்குக் கோபுரத்தில் விளக்குகள். வீதி பகலாகவே இருக்கிறது. சந்து மட்டும் இருட்டுகிறது.

மூவரும் திரை முன் நிற்கிறார்கள். காத்திருக்கிறார்கள். பையன் ஒரு சொம்பை எடுத்து, அதில் தன் முகத்தைப் பார்த்து, திரும்ப வைக்கிறான்.

புல்லட்டுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். லென்ஸுக்குப் பின்னாலிருந்த வடிகட்டி விலகுகிறது. திரையில் நிறங்கள் போய்விடுகின்றன. கறுப்பு வெள்ளையில் சந்து வருகிறது. சாக்கடை மூடி. சாய்ந்த சைக்கிள். சுவரில் கிழிந்த போஸ்டர். படிக்கட்டில் பூக்காரம்மா, சில்லறை எண்ணுகிறார். மூக்குத்தி வரைக்கும் தெரிகிறது.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார். துண்டால் துடைக்கப் போனவர் நிறுத்துகிறார். மெக்கானிக்கின் துணியைக் கேட்டு வாங்குகிறார்.

“அண்ணே, அடுத்த கடை நாலு கேமரா.”

ஏணி மடங்குகிறது.

ஒரு கேமராவைத் துடைக்கப் பத்து நிமிடம் ஆகிறது. மாதம் ஒரு முறை துடைத்தால், இரவில் சந்து தெரியும்.