கண்ணாடி போட்டால் தேர் வருகிறது



சென்ற மாதம் சென்னையில் நடந்த 3டி சினிமாக் கருவிகள் கண்காட்சிக்குப் போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் காலனித் தம்பி ஒருவனும் உடன் வந்தான். விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான். வாசலில் "எந்த கம்பெனி?" என்று கேட்டார்கள். "மாணவர்" என்று அவனும் "செயற்பாட்டாளர்" என்று நானும் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம்.

3டி புதிதல்ல. நம் இரண்டு கண்களும் சுமார் 6.5 செ.மீ. இடைவெளியில் இருப்பதால் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணங்களில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. 1838இலேயே சார்லஸ் வீட்ஸ்டன் இதை விளக்கிவிட்டார். அதனால்தான் 3டிக்கு இரண்டு கேமரா. இந்தியாவின் முதல் 3டி படம் 1984இல் வந்த மலையாளப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்'.

ஒரு ஸ்டாலில் கண்ணாடி கொடுத்தார்கள். திரையில் ஏதோ ஓர் ஊர்த் தேர்த் திருவிழா. வடம் எங்கள் மூக்கைத் தொடுவதுபோல் வந்தது. தம்பி பின்னால் சாய்ந்து சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, நம்மகிட்ட தேர் இப்பதான் வருது." என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த ஸ்டாலில், சாதாரணமாக எடுத்த படத்தை 3டி ஆக்கும் வேலை. நொடிக்கு 24 ஃப்ரேம். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃப்ரேம். ஆளை, மரத்தை, தலைமுடியை ஒவ்வொன்றாக ஓரம் வரைந்து பிரிக்க வேண்டும். "இத யாரு சார் செய்றாங்க?" என்று தம்பி கேட்டான். "பசங்க இருக்காங்க" என்றார் அங்கிருந்தவர்.

அந்தச் சொல் என்னைத் தறிக்குழிக்கு இழுத்துப் போனது. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடா. ஒரு கரை நாடாவைப் போட நெசவாளி பக்கத்தில் ஒரு பிள்ளை உட்காரும். நானும் உட்கார்ந்தேன். அப்பா வாங்கிய முன்பணத்துக்கு என் பள்ளிக்கூடம் போனது. காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டது. சேலையைப் பார்த்தவர்கள் ஜரிகையைப் பார்த்தார்கள். அந்தக் கைகளைப் பார்க்கவில்லை.

சினிமாவிலும் அதுதான் நடக்கிறது. 2013 பிப்ரவரியில் 'லைஃப் ஆஃப் பை' 3டி படம் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. அந்த வேலையைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் அதே மாதம்தான் திவால் மனு போட்டிருந்தது. விருது மேடை உள்ளே. தொழிலாளர்களின் போராட்டம் வெளியே.

அதற்காக இந்தத் தொழிலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போக வேண்டும். ஆனால் கூலிக்கணக்கு கேட்கத் தெரிந்து போக வேண்டும். தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் எல்லாம் அங்கே பட்டப்படிப்பு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

ஆழம் தெரிய வேண்டுமானால் இரண்டு இடத்திலிருந்து பார்த்தாக வேண்டும் என்பதே இந்தத் தொழில்நுட்பத்தின் பாடம். தமிழ் சினிமா நெடுங்காலம் ஊர்ப்பக்கம் மட்டுமே நின்று பார்த்தது. இன்னொரு கேமரா காலனியில் நிற்க வேண்டும். அதன் பின்னால் நம் பிள்ளை நிற்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது தம்பி அந்த அட்டைக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தான். "திருப்பிக் கொடுக்கலயாடா?" என்றேன். "மறந்துட்டேண்ணா" என்றான். மறந்திருக்க மாட்டான்.

ஜெய்பீம்.